பட்டியலில் எரிந்த புகைவீடு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததில் பாதிக்கு அந்தக் கோபம்தான் காரணம். அப்பா என்னைச் சீன வெடி என்பார். திரியைக் காட்ட வேண்டாம், தீப்பெட்டியைக் காட்டினாலே போதும் என்று லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அவர் அப்படிச் சொல்லும்போதும் எனக்குக் கோபம் வரும்.

ஒரு தடவை எங்கள் லயத்து வீட்டுக் கூரை ஒழுகியது. மூன்று மாதமாகச் சொல்லியும் ஆள் வரவில்லை. நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். நேராகத் தோட்டத்து ஆபீசுக்குப் போய், கணக்கு எழுதும் கிராணியின் மேசை முன்னால் நின்று, சம்பளம் வாங்க வந்த அத்தனை பேரும் கேட்கக் கத்தினேன். கூரை மறுநாளே சரியானது. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நாள் அப்பா அந்த ஆபீஸ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "சின்னப் பொண்ணுங்க, தெரியாம பேசிருச்சுங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அக்கா சொன்னாள்.

நான் சொல்ல வந்தது தொண்ணூறுகளில், புகைமூட்டம் எங்கள் மேல் வந்து உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்ற ஒரு வருடத்தின் கதை. நான் அப்போது கோலாலம்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கோலாலம்பூருக்குத் தெற்கே மந்தின் என்ற ஊரில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். காலையில் பஸ், மாலையில் பஸ். அப்பாவும் அக்காவும் புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், நான் பிறந்த அதே வீட்டில் இருந்தார்கள். அம்மா நான் இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்று படிக்கும்போதே இறந்துவிட்டார். அக்காவின் வீட்டுக்காரர் லோரி ஓட்டுபவர், வாரத்தில் ஐந்து நாள் ரோட்டில்தான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தோட்டத்துக்குப் போவேன். வேலை அதிகம், பஸ் கிடைக்கவில்லை, உடம்பு சரியில்லை என்று சில மாதம் அதுவும் தட்டிப்போகும். போனாலும் வீட்டோடு திரும்பிவிடுவேன்; அப்பா வேலை செய்யும் பக்கம் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது.

என் வேலையைத் தோட்டத்தில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. செயற்கைக்கோள் ஒன்று நாளைக்குச் சில தடவை நம் தலைக்கு மேலே கடந்து போகும். போகிறபோதே தரையின் சூட்டை அளந்து அனுப்பும். எங்கே சூடு அளவுக்கு மீறி இருக்கிறதோ அங்கே கம்ப்யூட்டர் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும். அந்தப் புள்ளிகளோடு காற்று வீசுகிற திசையையும், ஊர் ஊராக வைத்திருக்கிற கருவிகள் காட்டும் காற்றின் அழுக்கையும் ஒரே வரைபடத்தில் சேர்ப்போம். எங்கே எரிகிற நெருப்பு யாருடைய மூச்சில் போய் முடிகிறது என்று அதில் தெரியும். ஒவ்வொரு நாளும் அந்த வரைபடம் பத்திரிகைகளுக்குப் போகும்.

"அவ்வளவு மேல இருந்து பாக்குதே, எங்க கொடியில காயற கைலி தெரியுமாடீ?" என்று அக்கா கேட்டாள்.

"தெரியாதுக்கா. ஒரு புள்ளின்னா கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். நம்ம லயம், கோயிலு, ஸ்டோரு எல்லாம் சேந்து ஒரே புள்ளி."

"அய்யே, அதுக்கா இவ்வளவு காசு செலவு பண்ணி மேல அனுப்புனானுங்க?"

ஆனால் புகை வந்த பிறகு அவள் அப்படிக் கேட்கவில்லை. சூரியன் பகல் பன்னிரண்டு மணிக்கும் ஆரஞ்சு நிறத்தில் மங்கலாகத் தெரிந்தது. பக்கத்து லயம் தெரியவில்லை. அந்த நாட்களில் எங்கள் படத்தில் நீரிணைக்கு அந்தப் பக்கம், சுமத்ராவில், சிவப்புப் புள்ளிகள் அம்மை போட்ட முகம் போல நெருக்கமாகக் கிடந்தன. தென்மேற்குக் காற்று அங்கிருந்து நேராக எங்கள் பக்கம் அடித்தது. "சுமத்ராவில் எரிகிறது, மலேசியாவில் இருமுகிறோம்" என்று அலுவலகத்தில் நாங்களே சொல்லிக்கொள்வோம். அதில் பொய் எதுவும் இல்லை. புகையில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்தது.

ஆனால் எல்லாப் புள்ளியும் நெருப்பு அல்ல. மத்தியான வெயிலில் காய்ந்த தகரக்கூரைக்கும் புள்ளி விழும். இரும்பு உருக்கும் ஆலைக்கும் விழும். கல் உடைக்கிற இடத்துக்கும் விழும். அதனால் எங்களிடம் ஒரு விலக்குப் பட்டியல் இருந்தது. அதில் உள்ள இடங்களில் புள்ளி விழுந்தால், வரைபடம் வெளியே போகும் முன் அழித்துவிட வேண்டும். எங்கள் தோட்டம் இருக்கிற நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பட்டியலை என் மேலதிகாரி என்னிடம் கொடுத்திருந்தார். மலாய்க்கார அம்மா, நாங்கள் எல்லோரும் புவான் என்போம். "நீதான் அந்த மண்ணில் பிறந்தவள், உனக்குத்தான் தெரியும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. படித்த படிப்பு பத்துப் பேருக்கு இருக்கும், அந்தத் தோட்டத்துப் பாதைகள் எனக்கு மட்டும்தானே தெரியும் என்று ஒரு திமிர்.

புகை தொடங்கிய முதல் வாரமே புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் ஒரு புள்ளி விழுந்தது. புள்ளி விழுந்த தாளை ஊர் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். எங்கள் தோட்டமேதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, அப்பா!

அப்பா தோட்டத்து ஸ்டோரில், ரப்பர் பாலைப் பக்குவப்படுத்துகிற இடத்தில், புகைவீட்டு ஆள். பாலை உறையவைத்து, தகடாக அழுத்தி, அந்த ரப்பர் ஷீட்டுகளைக் கம்பு கம்பாகத் தொங்கவிட்டு, கீழே விறகு எரித்துப் புகையில் உலர்த்துவார்கள். நெருப்பு அணையவும் கூடாது, ஓங்கவும் கூடாது. ராத்திரி பகல் என்று பார்க்காமல் அப்பா அதைப் பார்த்துக்கொள்வார். அவர் சட்டை எப்போதும் புகை நாற்றம் அடிக்கும். பள்ளிக்கூடத்தில் என் சட்டையும் அடிக்கும். அதைச் சொல்லிக் கிண்டல் செய்த ஒருத்தியின் பின்னலை நான் பிடித்து இழுத்ததெல்லாம் வேறு கதை.

பட்டியலை எடுத்தேன். புது வரியில் எழுதினேன்: "எஸ்டேட் புகைவீடு. தகரக்கூரை. இயங்குகிறது." பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். புள்ளியை அழித்தேன். யாரையும் கேட்கவில்லை. தன் வீட்டில் அடுப்பு எங்கே இருக்கிறது என்று யாராவது இன்னொருவரைக் கேட்பார்களா?

புவான் மட்டும் ஒரு தடவை கேட்டார். "விடியற்காலைப் படத்திலும் இந்தப் புள்ளி இருக்கிறதே. தகரக்கூரை என்றால் அந்த நேரத்தில் குளிர்ந்திருக்க வேண்டாமா?"

"புகைவீடு இருபத்து நாலு மணி நேரமும் எரியும், புவான்."

"நேரில் பார்த்தாயா?"

"புவான், நான் அங்கே பிறந்தவள்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். என் குரலில் அப்போதே சூடு ஏறியிருக்க வேண்டும்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இளைப்பு. கல்யாணமாகி எட்டு வருடம் குழந்தை இல்லை. வேண்டாத சாமி இல்லை, போகாத கிளினிக் இல்லை. அந்த வருடம்தான் உண்டானாள். புகை வந்தபோது ஆறாம் மாதம். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவதை நிறுத்திவிட்டு வீட்டிலேயே இருந்தாள். அப்படியும் விடிகிற நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துகொள்வாள். போர்ட் டிக்சன் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போனார்கள். இப்படியே போனால் வயிற்றுப் பிள்ளைக்குப் போகிற காற்றும் குறையும், எங்காவது நல்ல காற்று உள்ள இடத்துக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மந்தினுக்கு வா என்று நான் கூப்பிட்டேன். தோட்டத்து மளிகைக்கடை போனில் அவள் குரல் விட்டு விட்டு வந்தது.

"எதுக்குடீ... அங்க மட்டும் என்னா... வேற காத்தா வீசுது? நீதானே சொன்ன... சுமத்ரா பொக, எல்லா எடத்துலயும் ஒண்ணுதான்னு. பேப்பர்லயும் போட்டிருக்கு. அப்பா வெட்டி செவுத்துல ஒட்டி வெச்சிருக்காரு."

நானும் சரி என்று விட்டுவிட்டேன். நான் போட்ட வரைபடத்தை நானே நம்பினேன்.

அதே சமயம் அலுவலகத்தில் புவான் ஒரு தாளை வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஊரான லுக்குட்டுக்கும் எங்கள் தோட்டத்துக்கும் நடுவில் தற்காலிகமாக ஒரு காற்றுக்கருவி வைத்திருந்தோம். மற்ற ஊர்களில் காற்றின் அழுக்கு நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் ஏறி இறங்கியது. இங்கே மட்டும் விடியற்காலையில் தனியாக ஒரு மேடு.

"சுமத்ராவிலிருந்து வரும் புகைக்கு விடியற்காலை என்று தனி நேரம் உண்டா?" என்றார் புவான்.

"போர்ட் டிக்சன் போகிற லோரிகளாக இருக்கும், புவான்."

"ஞாயிற்றுக்கிழமையும் லோரி போகுமா?"

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறு காலையில் மளிகைக்கடைக்காரர் போன் செய்தார். முதல் நாள் அக்காவை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பஸ் மாறி பஸ் மாறி ஓடினேன். வீட்டுக்குள் போனால், அக்கா கட்டிலில் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். கழுத்து எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்பா எங்கக்கா?"

"வேல..."

"ஞாயித்துக்கெழம என்னா வேல? நீ இப்படிக் கெடக்குற, அவருக்குப் பொகவீடுதான் பெருசாப் போச்சா?"

அக்கா என் கையைப் பிடித்தாள். "ஒக்காருடீ... நான் சொல்றத..." அதற்கு மேல் மூச்சு வரவில்லை. நான் எங்கே உட்கார்ந்தேன்? வெடி பற்றிக்கொண்டுவிட்டது. கையை உதறிவிட்டு ஸ்டோரை நோக்கி நடந்தேன். வழியெல்லாம் அப்பாவைக் கேட்க வேண்டியதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். நல்ல நல்ல வார்த்தையாக வந்தது.

புகைவீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. பூட்டில் துரு. அடுப்பு வாயைச் சுற்றிக் கொடி படர்ந்து, அதில் ஓர் ஊதாப்பூகூடப் பூத்திருந்தது. சுவரில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

பிறகுதான் மூக்கில் உறைத்தது. இங்கே எதுவும் எரியவில்லை, ஆனால் பச்சை விறகு எரிகிற நாற்றம் அடிக்கிறது. சுமத்ராவிலிருந்து வரும் புகையில் அந்த ஈர நாற்றம் இருக்காது. ஸ்டோருக்குப் பின்னால் மேட்டில் ஏறிப் பார்த்தேன். நான் சின்ன வயதில் ரப்பர் கொட்டை பொறுக்கிய மரங்கள் ஒன்றுகூட இல்லை. செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை நடுவதற்காக மொத்தமாகச் சாய்த்திருந்தார்கள். நல்ல கட்டைகளை லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டு, கிளையையும் தூரையும் குவியல் குவியலாகப் போட்டிருந்தார்கள். குவியல் ஒவ்வொன்றிலிருந்தும் வெள்ளையாகப் புகை கிளம்பி, மேலே போகாமல் தரையோடு தரையாக லயத்துப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு, நீளக் கம்பியால் கட்டையைக் கிளறிக்கொண்டு ஒருவர் நின்றார்.

"அப்பா!"

துண்டை இறக்கினார். "நீ எப்பம்மா வந்த?"

"பொகவீடு பூட்டிக் கெடக்கு."

"ஆமா. எட்டு மாசம் ஆச்சு. இப்ப பால அப்படியே டேங்கர்ல ஊத்தி அனுப்பிடறாங்க. ஷீட் கெடையாது. விட்டது தொல்ல, கண்ணு எரிச்சல் கொஞ்சமாவா இருந்துச்சு?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்னா செய்வ?"

என்ன செய்திருப்பேன் என்று இருவருக்கும் தெரியும்.

"வெடிப்ப," என்றார் அவரே. "ஆபீஸ்ல போய் நிப்ப. எங்கப்பாவ எப்படி நிறுத்தலாம்னு கேப்ப. இந்த வயசுல நெருப்பு தெரிஞ்ச ஆளுன்னு இந்த வேலையாச்சும் கொடுத்திருக்காங்க. அதுவும் போயிரும். அக்காகிட்டயும் நாந்தான் சொல்லாதன்னு சொன்னேன்."

"அப்பா, இந்தப் பொகையிலதான் அக்காவுக்கு மூச்சு முட்டுது."

அவர் என்னை உண்மையான ஆச்சரியத்தோடு பார்த்தார். அந்த முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

"என்னாம்மா பேசற? இது சின்ன நெருப்பு. அவளுக்கு முட்டறது சுமத்ரா பொகையில. ஒங்க ஆபீஸ் மேப்புலயே நம்ம பக்கம் ஒரு புள்ளிகூட இல்லையே. மண்டோருகூட பயந்தாரு, கவர்மெண்டுல எரிக்கக் கூடாதுன்னு சொல்றாங்களேன்னு. நாந்தான் சொன்னேன், எம் மவ அங்கதான் இருக்கா, இங்க எரியறது தப்புன்னா அவ மேப்புல காட்டியிருப்பா, நீ பயப்படாதன்னு."

நான் அங்கேயே ஒரு கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, கோபம் வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. யாரைத் திட்டுவது? மேனேஜரையா, வேலை வாங்குகிற மண்டோரையா, அப்பாவையா? எல்லோரும் என் தாளைப் பார்த்துத்தான் தைரியமாக இருந்திருக்கிறார்கள்.

"மேப்புல தெரிஞ்சதுப்பா," என்றேன். "மொத வாரமே புள்ளி விழுந்துச்சு. ஒங்க பொகவீடுன்னு நெனச்சு நாந்தான் அழிச்சேன். தெனமும் அழிச்சேன்."

அப்பா கம்பியைக் கீழே போட்டார். குவியலைப் பார்த்தார். பிறகு லயத்துப் பக்கம் பார்த்தார். புகை போகிற வழியை அன்றைக்குத்தான் அவரும் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஓரத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்து, மண்ணை அள்ளி நெருப்பின் மேல் போட ஆரம்பித்தார். நானும் ஒரு தகரத்தை எடுத்துக்கொண்டேன். ஆபீசுக்குப் போட்டுப் போகிற என் நல்ல செருப்பு அன்றைக்கு உருகிப்போனது. மத்தியானம் வரைக்கும் போட்டோம். மேலே அணைந்தது, தூருக்குள்ளே கனன்றுகொண்டேதான் இருந்தது.

"போய் புள்ளிய வையி," என்றார் அப்பா.

"வெச்சா விசாரிக்க ஆளு வரும். ஒங்க வேல போயிரும்பா."

"என் வேலய நான் பாத்துக்கறேன். நீ ஒன் வேலய ஒழுங்கா பாரு."

அவர் அப்படிக் கடுமையாக என்னிடம் பேசியதே இல்லை. எனக்கு அது வேண்டியிருந்தது.

அன்று மாலையே வாடகைக் காரில் அக்காவை மந்தினுக்குக் கூட்டி வந்தேன். அங்கேயும் புகைதான், பக்கத்துக் கட்டடம் மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் மறுநாள் விடிகாலையில் அவள் மூச்சு முட்டி எழவில்லை. நான்தான் எழுந்து எழுந்து அவள் மூக்கருகில் கை வைத்துப் பார்த்தேன். "தூங்க விடுடீ," என்று சிடுசிடுத்தாள். அந்த ஒரு வார்த்தையை மூச்சு விடாமல் ஒரே இழுப்பில் சொன்னாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

திங்கட்கிழமை புவானின் அறைக்குள் போய் நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் பட்டியலை வாங்கி, நான் எழுதிய வரியை ரூலர் வைத்து நிதானமாக அடித்தார்.

"நீ பொய் எழுதவில்லை," என்றார். "ஞாபகத்தை எழுதினாய். செயற்கைக்கோள் இன்றைக்கு இருப்பதைப் பார்க்கிறது. நீ பத்து வருடத்துக்கு முன்னால் இருந்ததைப் பார்த்தாய்."

எனக்கு முகம் சிவந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க நாங்கள் இருவரும் பழைய படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, நான் அழித்த புள்ளியைத் திரும்ப வைத்தோம். அதன் பக்கத்தில் காற்றுக்கருவி காட்டிய விடியற்காலை அளவை எழுதினோம். புள்ளி விழுந்த நாளெல்லாம் விடியலில் மேடு. மழை தூறிப் புள்ளி விழாத நாளில் மேடு இல்லை. சாயங்காலம் பற்றவைத்த கட்டை ராத்திரியெல்லாம் கனன்று, காற்று அசையாத அந்த நேரத்தில் புகை பள்ளத்தில் இறங்கித் தேங்கியிருக்கிறது. பகலின் சாம்பல் நிறம் நீரிணைக்கு அந்தப் பக்கத்தது. அக்காவை எழுப்பி உட்காரவைத்த விடியற்காலைப் புகை எங்களுடையது. ஒரு தாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது, புவான் மேசையைத் தட்டி, "இதுதான், இதுதான்" என்றார். எனக்கும் வெட்கத்தையும் மீறி ஒரு சந்தோஷம் வந்தது. கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது தெரிந்துவிட்டால், அதை நிறுத்தவும் முடியுமே.

அந்த வரைபடத்தோடு அதிகாரிகள் தோட்டத்துக்குப் போனார்கள். எல்லாம் சுமத்ரா புகை என்று மேனேஜர் ஆரம்பித்தாராம். தாளை விரித்துக் காட்டியதும் பேச்சு நின்றுவிட்டதாம். அதற்கு முன்பே அப்பா காலைப் பெரட்டில், ஆள் எண்ணிக்கை எடுக்கிற இடத்தில், எல்லோர் முன்னாலும் மண்டோரிடம் "நான் இனி பத்தவைக்க மாட்டேங்க" என்று சொல்லியிருக்கிறார். கையைக் கட்டிக்கொண்டுதான் சொல்லியிருப்பார், ஆனால் சொல்லிவிட்டார். இரண்டு நாள் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் எரிப்பது நின்று, கிளைகளை வெட்டிச் செம்பனைக் கன்றுகளுக்கு நடுவில் வரிசையாக அடுக்கி மக்கவிடச் சொன்னார்கள். அடுக்குவதற்கு ஆள் வேண்டுமே, அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். எனக்கு மேலிடத்திலிருந்து ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன். விலக்குப் பட்டியலில் உள்ள ஒவ்வோர் இடத்துக்கும் யாராவது நேரில் போய்வர வேண்டும் என்று புவான் புது விதி போட்டார். போய்ப் பார்த்ததில் இன்னும் சில வரிகள் அடிபட்டன. தப்பாக எழுதியது நான் மட்டும் இல்லை என்பதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல், மறைப்பானேன்.

மழை வந்தது. ஒரே வாரத்தில் வானம் நீலமாகிவிட்டது. அக்காவுக்கு சிரம்பான் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் போட்ட கத்தலில் தாதி காதைப் பொத்திக்கொண்டாராம். "சின்னம்மாவ மாதிரியே வந்திருக்கு, போச்சு," என்று அக்கா சொன்னாள். மூச்சுக்குப் பஞ்சமில்லாத கத்தல். நான் எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அலுக்கவில்லை.

முப்பதாம் நாள் விருந்துக்குத் தோட்டத்துக்குப் போனபோது அப்பாவுக்குக் காட்ட அந்த வரைபடத்தையும், பட்டியலின் அந்தப் பக்கத்தின் நகலையும் கொண்டு போனேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தார். சிவப்புப் புள்ளியை விரலால் தொட்டார். பிறகு பட்டியலில் கோடு போட்டு அடித்திருந்த வரியைக் காட்டி, "இது என்னா எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

படித்துக் காட்டினேன். எஸ்டேட் புகைவீடு. தகரக்கூரை. இயங்குகிறது.

அப்பா சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்ததில் பிள்ளை முழித்துக்கொண்டது. "தோட்டத்துக்காரனே பூட்டிட்டுப் போய்ட்டான். எட்டு மாசமா அத எரிய வெச்சிருந்தது ஒலகத்துல நீ ஒருத்திதான்," என்றார்.

நானும் சிரித்தேன். ஆனால் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, தாளை மடித்து என் கையில் கொடுத்தார்.

"அடுத்த தடவ எழுதறதுக்கு முன்னால, ஒரு எட்டு வந்து பாத்துட்டு எழுதும்மா."

அதில் கோபம் இல்லை. குறைகூட இல்லை. அடுத்த ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன்.